அசைந்தவர் மறைந்த படங்கள்: பண்டிகை விளக்குகளும் இரவுப் புகைப்படமும்

றமழான் மாதத்து இரவுகளில் இஸ்தான்பூல் நகரின் பெரிய பள்ளிவாசல்களில் ஒரு மினாராவுக்கும் மறு மினாராவுக்கும் இடையே கயிறு கட்டுவார்கள். அதில் விளக்குகளைத் தொங்கவிட்டு வானத்தில் எழுத்தும் சித்திரமும் அமைப்பார்கள். நானூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழைமை உடைய இவ்வழக்கத்தைத் துருக்கியர் 'மஹ்யா' என்பர். சந்திரனையும் மாதத்தையும் குறிக்கும் 'மாஹ்' என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது இப்பெயர். நகரத்துத் தெருவை ஒளியால் அலங்கரிக்கும் மரபுகளில் இதற்குத் தனியான ஓர் இடம் உண்டு. ஆனால் மஹ்யாவின் புகைப்படங்களைத் தேடிச் செல்பவர் ஒரு விசித்திரத்தைக் காண்பார். புகைப்படக் கலை 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இஸ்தான்பூலுக்குக் கமெராக்கள் வந்துவிட்டன. அந்நகரின் பள்ளிவாசல்களைப் பகலில் எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் ஏராளம். மஹ்யா ஒளிரும் இரவுப் படங்களோ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் மின்குமிழ்க் காலத்தவை. எண்ணெய் விளக்கு எரிந்த நீண்ட காலம் ஏறக்குறைய முழுவதும் கமெராவுக்கு வெளியே நிற்கின்றது.

இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதை ஆராய்ந்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். இரவில் எடுக்கப்பட்ட பண்டிகைப் படம் ஒன்றை வரலாற்றுச் சான்றாக நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்பதே அக்கேள்வி.

முதலில் மஹ்யாவின் தோற்றத்தை நோக்குவோம். ஃபாத்திஹ் பள்ளிவாசலின் முஅத்தின்களில் ஒருவரான ஹாபிழ் அஹ்மத் கெஃபெவி என்பவர், மினாராக்களுக்கிடையே தொங்கும் விளக்குகளின் வடிவத்தை ஒரு கைக்குட்டையில் தையல் வேலையாக அமைத்து முதலாம் சுல்தான் அஹ்மதுக்கு அளித்தார் என்றும், அதில் மகிழ்ந்த சுல்தான் தமது புதிய பள்ளிவாசலில் அவ்வாறே விளக்கேற்றப் பணித்தார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. முதலாம் அஹ்மத் 1603 முதல் 1617 வரை ஆட்சி செய்தவர். ஆயினும் 1578 முதல் 1581 வரை இஸ்தான்பூலில் தங்கியிருந்த ஸலமோன் ஷ்வைகர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், 1608 இல் அச்சான தமது பயண நூலிலே மினாராக்களில் தொங்கும் விளக்குகளைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். எனவே வழக்கம் முந்தியது, அதனை அரண்மனை ஏற்றுக்கொண்டது பிந்தியது என்று கொள்வதே பொருத்தம். மூன்றாம் சுல்தான் அஹ்மதின் காலத்தில், 1720களின் தொடக்கத்தில், பிரதம வஸீராக இருந்த தாமாத் இப்றாஹீம் பாஷா சுல்தான்கள் கட்டிய பள்ளிவாசல்கள் அனைத்திலும் மஹ்யா அமைக்கப் பணித்தார். எயூப் பள்ளிவாசலின் குட்டையான மினாராக்கள் அக்காலத்திலேதான் உயர்த்திக் கட்டப்பட்டன. விளக்குக்காக மினாராவின் உயரம் கூட்டப்பட்டதென்றால், அந்த இரவுகளுக்கு மக்கள் கொடுத்த மதிப்பை விளக்க வேறு சான்று தேவையில்லை.

மஹ்யா அமைப்பவரை 'மஹ்யாஜி' என்பர். தந்தையிடம் மகனும் ஆசானிடம் மாணவனும் கற்றுக்கொண்ட தொழில் இது. அவர் முதலில் கட்டம் போட்ட தாளில் வாசகத்தை வரைவார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு. அப்புள்ளிகளை எண்ணிக் கயிற்றில் முடிச்சுகளாக மாற்றுவார். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒலிவ் எண்ணெயும் திரியும் இட்டு, இரு மினாராக்களுக்கிடையே கட்டிய பெருங்கயிற்றிலே கப்பியின் துணையால் ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்துவார். மக்கள் தராவீஹ் தொழுதுவிட்டு வெளியே வரும்போது தலைக்கு மேலே எழுத்து எரிந்துகொண்டிருக்கும். மாதத்தின் முதற் பாதியில் றமழானை வரவேற்கும் வாசகங்களும், பிற்பாதியில் பூ, படகு, பாலம் போன்ற சித்திரங்களும் அமைவது மரபு. நோன்பு முடியும் தறுவாயில் பிரியாவிடை எழுதுவார்கள். லைலத்துல் கத்ர் இரவில் எழுத்தை விட்டு மினாராவின் உடல் முழுவதையும் விளக்கால் போர்த்துவதும் உண்டு. 'கஃப்தான் அணிவித்தல்' என்பது அதன் பெயர். சில மஹ்யாஜிகள் கயிற்றை மெல்ல இழுத்து, பாலத்தின் மேல் வண்டி ஓடுவதாகவும் நீரில் மீன் நீந்துவதாகவும் காட்டினர். காற்றிலும் மழையிலும் மினாராவின் உச்சியில் நின்று செய்யும் வேலை இது என்பதை மறக்கலாகாது.

இத்தகைய காட்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கமெரா ஏன் பிடிக்கவில்லை?

நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலாக இருந்தது ஈரக் கொலோடியன் முறை. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன்னர் கமெராவில் வைத்துப் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளி தகட்டில் பதிவதற்கு அவ்வளவு நேரம் போதாது. இரண்டாவது தடை நிறம். அக்காலத் தகடு நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும். எண்ணெய்ச் சுடரின் ஒளியிலோ மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. ஆகவே மனிதக் கண்ணுக்குத் தகதகவெனத் தெரிந்த விளக்கு, தகட்டின் கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டாகவே இருந்தது. மூன்றாவது தடை காற்று. கயிற்றில் தொங்கும் விளக்கு அசையும். அசையும் விளக்கைப் பல நிமிடங்கள் பிடித்தால் எழுத்துக் கலங்கிப்போகும். மஹ்யாவின் அழகே அதன் அசைவுதான். அந்த அசைவே படத்துக்குப் பகையாயிற்று.

அசைவது மறையும், நிற்பது நிலைக்கும். புகைப்படத்தின் இந்த விதி அதன் பிறப்பிலேயே வெளிப்பட்டது. லூயி தாகேர் 1838 இல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைத் தமது வீட்டு யன்னலிலிருந்து எடுத்த படம் பிரசித்தமானது. வண்டிகளும் ஆட்களும் நிறைந்த தெரு அது. படத்திலே தெரு வெறுமையாகக் கிடக்கின்றது. சப்பாத்துத் துடைப்பதற்காகக் காலைத் தூக்கிவைத்து நின்ற ஒருவரும், அவருக்குத் துடைத்துக் கொடுத்தவரின் நிழல் போன்ற உருவமும் மட்டும் மூலையில் தெரிகின்றன. நடந்தவர் எவரும் பதியவில்லை. பகலிலேயே இப்படியென்றால் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நிலைமை மாறத் தொடங்கியது உலர் தகட்டின் வருகையோடு. 1871 இல் ரிச்சர்ட் லீச் மெடொக்ஸ் ஜெலட்டின் தகட்டை அறிமுகம் செய்தார். 1873 இல் ஹெர்மன் ஃபோகல் தகட்டில் சாயம் சேர்த்துப் பச்சை நிறத்தையும் உணரச் செய்யும் வழியைக் கண்டார். சிவப்பு வரை உணரும் தகடுகள் 1906 இலே கடைக்கு வந்தன. இதற்கிடையில் இலண்டனில் மரச்செதுக்குத் தொழிலிலிருந்து புகைப்படத்துக்கு வந்த போல் மார்ட்டின் என்பவர், 1895, 1896 ஆம் ஆண்டுகளில் தெரு விளக்கின் ஒளியில் நகரத்தைப் படமெடுத்தார். முக்காலித் தாங்கியில் கமெராவை நிறுத்தி, லென்ஸைப் பல நிமிடங்கள் திறந்துவைப்பார். விளக்குப் பொருத்திய வண்டி குறுக்கே வந்தால் மூடியால் மறைத்துவிட்டு, அது போனபின் மீண்டும் திறப்பார். மனிதரின் போக்குவரத்தை அகற்றியே அந்தப் படங்கள் பிறந்தன. அவற்றுக்கு றோயல் புகைப்படச் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது.

இரவுப் படத்துக்கு மற்றொரு தொல்லையும் இருந்தது. விளக்கின் கூரிய ஒளி தகட்டை ஊடுருவிப் பின்புறக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றி வெண்மையான வட்டத்தை உண்டாக்கும். தகட்டின் பின்புறத்தில் கருக்கிய சீனிப்பாகு கலந்த கறுப்புப் பூச்சைத் தடவி இதனைத் தடுத்தனர். சமையலறைச் சரக்கால் தீர்ந்த தொல்லை அது.

1901 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த பெருங் கண்காட்சியிலே கட்டடங்களின் விளிம்பு முழுவதும் மின்குமிழ்களால் கோடு போடப்பட்டிருந்தது. எடிசனின் நிறுவனத்தார் ஒவ்வொரு சட்டத்துக்கும் நீண்ட நேரம் கொடுத்து அதனைச் சலனப்படமாகவே எடுத்தனர். மின்குமிழ் வரிசை காற்றில் ஆடாது, சுடர் நடுங்காது, எண்ணெய் தீராது. கமெராவுக்கு ஏற்ற விழா விளக்கு அப்போதுதான் பிறந்தது எனலாம். அதன் பின்னர் உலகெங்கும் விழா விளக்கென்றால் கட்டடத்தின் விளிம்பில் புள்ளிக்கோடு போடுவது என்றாயிற்று. படத்தில் நன்றாக விழுவதும் அதன் பரவலுக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

இஸ்தான்பூலில் சிலஹ்தரஆகா மின்நிலையம் 1914 இல் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் மஹ்யாவிலும் படிப்படியாக எண்ணெய்க் கிண்ணத்தின் இடத்தை மின்குமிழ் பிடித்தது. 1928 இல் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியபோது வானத்து எழுத்தும் மாறியது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடைப்பட்ட காலம் பதினான்கு ஆண்டுகளே. ஆகவே அரபு எழுத்தில் ஒளிர்ந்த மஹ்யாவின் படங்கள் இலத்தீன் எழுத்துப் படங்களோடு ஒப்பிட அரிதாகவே உள்ளன. படத்தை மட்டுமே பார்த்து வரலாறு எழுதுபவர், மஹ்யாவை இலத்தீன் எழுத்தில் எழுதும் ஒரு நவீன வழக்கமென்று நினைத்துவிடக்கூடும். அரபுத்தமிழில் எழுதிய முன்னோரின் ஏடுகளை வாசிக்கத் தெரியாமல் வளர்ந்த நமக்கு இந்த இழப்பின் தன்மை புரியும்.

இவ்விடத்தில் மார்க்கம் சார்ந்த ஒரு விடயத்தையும் குறிப்பிட வேண்டும். உருவப் படம் ஆகுமா, ஆகாதா என்ற விவாதம் முஸ்லிம் உலகில் நீண்ட காலம் நடந்தது. எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கமெரா பிடிப்பது நிழலையே என்ற அடிப்படையில் புகைப்படம் கூடுமெனத் தனி நூலே எழுதினார். ஆயினும் மனித உருவத்தைச் சுவரில் தொங்கவிடத் தயங்கிய வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. அவ்வீடுகளில் ஆட்கள் தெளிவாகத் தெரியாத பள்ளிவாசற் படங்களுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. மின்விளக்கில் ஒளிரும் மினாராவின் படம் எவரையும் சங்கடப்படுத்தாத படமாயிற்று. மனிதர் இல்லாமற் போனது கமெராவின் குறையால். நாம் அதனை ஒரு நிறைவாகவே ஏற்றுக்கொண்டோம்.

நமது நாட்டின் கிழக்குக் கரைக்கு வருவோம். மினாராவும் கொடியும் விளக்கும் ஒன்றுசேரும் விழா நமக்கும் உண்டு. நாகூர் ஆண்டகையின் பெயரால் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றம் வாசகர் அறிந்ததே. சிற்றூர்களிலும் கந்தூரி, மீலாத், பெருநாள் இரவுகளில் பள்ளிவாசல் வீதி ஒளிபெறும். மின்சாரம் வராத காலத்தில் அந்த ஒளி பெற்றோமெக்ஸின் ஒளி. கந்தூரி ஊர்வலத்தில் அதனைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் ஊரின் மிக வறிய மனிதர்கள். அப்படியோர் ஊர்வலத்தை மெதுவான பிலிமில் நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தால் என்ன விழும்? பெற்றோமெக்ஸ் சென்ற வழி வெள்ளைக் கோடாக விழும். அதைச் சுமந்தவர் விழமாட்டார். அவருடைய உழைப்பின் தடம் இருக்கும், அவர் இருக்கமாட்டார். விழாக்களைப் பற்றிய நமது எழுத்து வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளது. கந்தூரி கொடுத்தவரின் பெயரும் மரைக்காயர்மாரின் பெயர்களும் பதிவாகியிருக்கும். விளக்குச் சுமந்தவரின் பெயரும், தென்னை மரத்தில் ஏறி வயர் கட்டியவரின் பெயரும் எங்கும் இராது.

எடுக்கப்பட்ட படங்களாவது நம்மிடம் உள்ளனவா என்றால் அதுவும் குறைவே. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த அவகாசத்தில் குழந்தையைத் தூக்குவதா, அல்பத்தைத் தேடுவதா? சோனகத் தெருவின் பெருநாள் இரவுகள் எத்தனையோ வீட்டுச் சுவர்களிலும் அலுமாரிகளிலும் விடப்பட்டன. 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தபோது கிழக்குக் கரையோர வீடுகளின் அல்பங்கள் உப்புநீரில் ஊறிப்போயின. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தெடுக்க முயன்று, முகங்கள் உரிந்து வருவதைக் கண்டு அப்படியே புதைத்தவர்களை நான் அறிவேன். இவ்விரு இழப்புகளுக்கும் தப்பியவற்றையே நாம் இன்று சான்றாக வைத்திருக்கிறோம்.

அத்தகைய சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் காட்டத் தரம் 10 வரலாற்று வகுப்பில் நான் ஒரு பயிற்சி செய்வதுண்டு. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வீதியை ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு இரவுப் படங்களைப் பலகையில் ஒட்டுவேன். ஒன்று, 2018 றமழானில் தராவீஹுக்குப் பின்னர் சனம் நிறைந்திருந்தபோது முக்காலியில் வைத்து முப்பது செக்கன் திறந்து எடுத்தது. மற்றையது, 2020 றமழானில் கொரோனா ஊரடங்கின்போது எடுத்தது. அவ்வாண்டு பள்ளிவாசல் மூடியிருந்தாலும் மினாரா விளக்கை எரியவிட்டிருந்தார்கள். இரண்டிலும் விளக்குத் தோரணம் பளிச்சென்றிருக்கும். இரண்டிலும் தெரு வெறுமையாக இருக்கும். "ஊரடங்கு நாள் எது?" என்று கேட்பேன். பெரும்பாலும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஓராண்டு ஒரு மாணவி எழுந்து வந்து படத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "சேர், இதில பள்ளி வாசல்ல செருப்பு கிடக்கு. அப்ப ஆக்கள் உள்ளுக்கு நிக்கிறாங்க" என்றாள். அவள் தொட்டது 2018 ஆம் ஆண்டுப் படத்தை. செருப்புகள் அசையவில்லை, ஆகவே பதிந்தன. தாகேரின் படத்தில் சப்பாத்துத் துடைத்தவரைப் போல அவை சாட்சி சொல்கின்றன. இருநூறு பேர் நடமாடிய இரவும், ஒருவரும் வெளிவராத இரவும் படத்தில் ஒன்றுபோல் தோன்றும் என்பதை அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள். வெறுமையான தெருவின் படத்தைக் காட்டி "இங்கே எவரும் வாழ்ந்ததில்லை" என்று யாரேனும் வாதிட்டால், செருப்பைத் தேட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2020 இல் இஸ்தான்பூலின் மஹ்யாவும் மக்களை வீட்டில் இருக்கும்படியே கேட்டுக்கொண்டது. தொழுதுவிட்டு வருவோரின் கண்ணுக்காக எழுதப்பட்டு வந்த விளக்கு, பார்ப்பவர் இல்லாத தெருவுக்கு மேலே எரிந்தது. அதன் படங்கள் உலகெங்கும் சென்றன. அவற்றில் தெரு வெறுமையாக இருந்தது உண்மையாகவே வெறுமையாக இருந்ததால்தான். எழுத்துமூலக் குறிப்பு இல்லாவிட்டால், நூறாண்டுகளின் பின்னர் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

இன்று தொழில்நுட்பத் தடைகள் அநேகமாக நீங்கிவிட்டன. கைத்தொலைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தானே ஒன்றாகச் சேர்த்து இரவைத் தெளிவாக்கித் தருகின்றது. புதிய வசதியோடு புதிய பொய்யும் உண்டு. மின்னோட்டம் செக்கனுக்கு ஐம்பது சுழற்சி கொண்டதாகையால் மலிவான எல்.ஈ.டி. தோரணங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகின்றன. மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தால் தோரணத்தில் பாதி அணைந்ததாகவே படத்தில் விழும். ஐம்பதில் ஒரு செக்கன் அல்லது அதற்கும் கூடிய நேரம் கொடுத்தால் இக்குறை நீங்கும். இன்னொன்று, முழு இருட்டைக் காத்திருக்க வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பிந்திய கால் மணித்தியாலத்தில் வானம் கருநீலமாக இருக்கும்போது எடுத்தால் விளக்கும் தெரியும், விளக்கின் கீழே நிற்கும் முகமும் தெரியும்.

முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். வருகின்ற பெருநாளுக்கும் நமது வீதிகளில் நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் மினாராவை நோக்கி உயரும். ஏணியின் மேலே நின்று வயர் முடிச்சுப் போடுகிறவரை நோக்கி ஒன்றாவது உயரட்டும். அவரை ஒரு கணம் அசையாமல் நிற்கச் சொல்லி எடுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் ஊர், வீதி, திகதி, அவருடைய பெயர், அவருடைய தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்பவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். பழைய பெற்றோமெக்ஸ் காலத்துப் படம் எவர் வீட்டிலாவது தப்பியிருந்தால், அதில் வெள்ளைக் கோடாக மட்டும் தெரிபவர் யாரென்று வீட்டின் மூத்தவரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு நோன்புக்கும் குறைந்துகொண்டே போகின்றது.